மலை மேல ரெண்டு மாப்ளைங்க!

ரியோ டி ஜெனீரோனு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கையை விரிச்சு நிக்கிற இயேசு சிலை, கோபகபானா பீச், கார்னிவல் டான்ஸ், ஃபுட்பால்... கரெக்டா? அது போஸ்ட் கார்டு ரியோ! அந்தச் சிலை நிக்கிற கோர்கோவாடோ மலை 710 மீட்டர் உயரம். மேல ஏறுறவங்க எல்லாரும் கடலைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துட்டு இறங்கிடறாங்க. நாம கொஞ்சம் கழுத்தைத் திருப்புவோம். பக்கத்து மலைச் சரிவு முழுக்க சிவப்பு செங்கல் வீடுங்க, தீப்பெட்டியை அடுக்கி வெச்ச மாதிரி. நடுவுல தெரு எங்கேனு கண்டுபிடிக்கவே முடியாது. வீட்டுக்கு வீடு தலையில ஒரு நீலக் கலர் தண்ணித் தொட்டி. அதுதான் ஃபவேலா. இன்னிக்கு நம்ம டூர் அங்கேதான்!

பயப்படாதீங்க. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எதுவும் கேட்க மாட்டேன். கைவசம் 19 எபிசோடு இருக்கு, கூடவே ரெண்டு கைடு. ஒருத்தன் பேரு அசெரோலா, இன்னொருத்தன் லரான்ஜின்யா. முதல் பேர் ஒரு வகை செர்ரிப் பழம், ரெண்டாவது பேருக்கு அர்த்தம் குட்டி ஆரஞ்சு. ரெண்டு பேருக்கும் வயசு 13. படிப்பு சுமார், பாக்கெட் காலி, வாய் மட்டும் ஏழு ஊருக்கு நீளம். நம்ம கிளாஸ் கடைசி பெஞ்சுல உட்கார வெச்சா ஒரு பய வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டான்.

அவங்க வர்ற டி.வி. தொடர் ‘சிடாஜி டோஸ் ஓமென்ஸ்’. தமிழ்ல சொன்னா, ‘மனிதர்களின் நகரம்’. 2002 ஜூன்ல பிரேசில் அஞ்சாவது முறையா வேர்ல்டு கப் ஜெயிச்சுதே, அதே வருஷம் அக்டோபர்ல குளோபோ சேனல்ல ஆரம்பிச்சது. வருஷத்துக்கு நாலஞ்சு எபிசோடுதான். 2005 வரை நாலு சீசன் ஓடிச்சு. நம்ம மெகா சீரியல்ல 19 எபிசோடுங்கிறது ஒரு மாமியார் மாடிப்படி இறங்குற நேரம்! ஆனா அந்த 19-க்குள்ள ஒரு மலை முழுசா இருக்கு.

வாங்க, ஏறலாம். செருப்பு டைட்டா இருக்கானு பார்த்துக்கோங்க.

ஸ்டாப் 1: மலையா, தாரா?

அடிவாரத்துல நிக்கிறோம். இங்கே முதல்ல கத்துக்க வேண்டியது ரெண்டு வார்த்தை. ‘மோஹூ’ன்னா மலை. ‘அஸ்ஃபால்டு’ன்னா தார் ரோடு. ரியோக்காரன்கிட்ட “நீ எந்த ஏரியா?”ன்னு கேட்டா, கடைசியில பதில் இந்த ரெண்டுல ஒண்ணுலதான் வந்து நிக்கும். கீழே தார் ரோட்டுல இருக்கிறவன் நகரத்துக்காரன். மேல இருக்கிறவன் மலைக்காரன். ரெண்டுக்கும் நடுவுல பல இடத்துல ஒரு தெரு அகலம்தான் தூரம்.

இன்னொரு விஷயம். எழுத்துல முதல் எழுத்தா ‘ர’ வந்தா, அவங்க வாயில அது ‘ஹ’ன்னுதான் வரும். ரொனால்டோவைக் கூட ‘ஹொனவ்டு’ன்னுதான் கூப்பிடுவாங்க. அதனால, பிரேசிலோட மிகப் பெரிய ஃபவேலாவை நாமளும் அவங்க மாதிரியே ‘ஹோசின்யா’ன்னு சொல்லிப் பழகுவோம். 2022 சென்சஸ் கணக்குப்படி அங்கே மட்டும் 72,021 பேர். நாடு முழுக்க 12,348 ஃபவேலாக்கள்; அதுல சுமார் ஒரு கோடியே 64 லட்சம் பேர். நூறு பிரேசில்காரங்கள்ல எட்டு பேர்!

இந்த ‘ஃபவேலா’ங்கிற பேர் எங்கிருந்து வந்துச்சு? அது ஒரு செடியோட பேர். பிரேசிலோட வடகிழக்குல வறண்ட காட்டுல வளர்றது, நம்ம ஆமணக்கு குடும்பம். தொட்டா முள்ளு சுள்ளுனு கொட்டும். 1897-ல கனுடோஸ்ங்கிற ஊர்ல நடந்த போருக்குப் போய்ட்டு வந்த சிப்பாய்ங்க, ரியோவுல ஒரு மலை மேல குடியேறினாங்க. கனுடோஸ் பக்கத்துல இருந்த மலைக்கு அந்தச் செடியோட பேர். அதையே இந்த மலைக்கும் வெச்சாங்க. இப்போ அதோட பேர் ப்ராவிடென்சியா மலை. அங்கே ஆரம்பிச்ச ஒரு மலையோட பேர், அப்புறம் எல்லா மலைக்கும் பொதுப் பேரா ஆகிடுச்சு.

அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, 1888-லதான் பிரேசில்ல அடிமை முறையை ஒழிச்சாங்க. அமெரிக்கக் கண்டங்கள்லயே கடைசியா ஒழிச்ச நாடு அது. விடுதலை கொடுத்தாங்க. நிலம் கொடுக்கலை, வீடு கொடுக்கலை. அப்புறம் 1902-லேர்ந்து 1906 வரை மேயரா இருந்த பெரெய்ரா பாசோஸ், ரியோவைப் பாரிஸ் ஆக்குறேன்னு கிளம்பினார். அகலமான ரோடு போட, நகர நடுவுல ஏழைங்க நெருக்கியடிச்சு வாழ்ந்த பழைய குடியிருப்புகளை இடிச்சுத் தள்ளினாங்க. இடிச்ச வீட்டுக்காரங்க எங்கே போவாங்க? வேலை கீழே இருக்கு. காலியிடம் மேலே இருக்கு. சிம்பிள்!

ஸ்டாப் 2: ஆறரை ரியால்

கொஞ்சம் மூச்சு வாங்குதா? நம்ம கைடுங்க படிக்கிற ஸ்கூல்ல உட்காருவோம். தொடரோட முதல் எபிசோடே இதுதான். பேரு ‘பேரரசரின் கிரீடம்’.

கிளாஸ்ல வரலாறு பாடம் ஓடுது. நெப்போலியன் போர்ச்சுகல் மேல படையெடுக்கிறான். அந்த நாட்டு ராஜ குடும்பம் கப்பல் ஏறி 1808-ல பிரேசிலுக்கு ஓடி வந்துடுது. பசங்க மூஞ்சியில தூக்கம். பாடத்தோட ஒரு டூரும் உண்டு. பெட்ரோபொலிஸ்ங்கிற மலை ஊர்ல இருக்கிற அரண்மனை மியூசியத்துக்குப் போய் பேரரசரோட கிரீடத்தைப் பார்க்கணும். ரியோவுல இருந்து ஒரு 65 கிலோமீட்டர். கட்டணம் ஆறரை ரியால். அன்னிக்கு நம்ம காசுல சுமார் 80 ரூபாய்.

அந்தக் கிரீடத்துல 639 வைரமும் 77 முத்தும் இருக்கு. அதைப் பார்க்க இந்த ரெண்டு பசங்ககிட்ட எண்பது ரூபாய் இல்லை. எபிசோடு முழுக்க அந்தக் காசுக்காக அலையுறாங்க. அதே நேரம் பார்த்து மலையில ரெண்டு கும்பலுக்கு நடுவுல சண்டை. இந்தப் பக்கம் இருக்கிறவன் அந்தப் பக்கம் போக முடியாது.

இப்போ க்ளைமாக்ஸ். கிளாஸ்ல அசெரோலா எழுந்து நின்னு நெப்போலியன் பாடத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறான். எப்படித் தெரியுமா? நாடுகளை மலைங்களா மாத்திட்டான்! பிரான்ஸ் ஒரு மலை, இங்கிலாந்து ஒரு மலை. ரெண்டு தாதாங்க மோதுறாங்க. நடுவுல மாட்டிக்கிட்ட சின்னப் பார்ட்டி போர்ச்சுகல். ரெண்டு பக்கமும் பகைச்சுக்க முடியாம ராத்திரியோட ராத்திரியா ஜூட். கிளாஸே வாயைப் பிளக்குது. புக்ல இருந்த பாடம் அவன் தெருவுல தினம் நடக்குது, அவ்வளவுதான் மேட்டர்.

இந்த இடத்துல எனக்கு சிரிப்பும் வந்துச்சு, தொண்டையில ஏதோ அடைக்கவும் செஞ்சது. பையன் புத்திசாலினு கைதட்டலாம். ஆனா 13 வயசுப் பையனுக்கு ஐரோப்பாவோட போர் அரசியல் ஒரே நாள்ல புரியுதுன்னா, அவன் எப்படிப்பட்ட இடத்துல வளர்றான்னு யோசிச்சுப் பாருங்க.

ஸ்டாப் 3: சார் போஸ்ட்... எங்கே?

மேல ஏற ஏற சந்து குறுகிக்கிட்டே போகுது. ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் சுவரோட ஒட்டிக்கணும். இப்போ உங்க பேருக்கு ஒரு லெட்டர் வருதுனு வைங்க. அட்ரஸ் என்ன எழுதுவீங்க? தெருவுக்குப் பேர் இல்லை, கதவுக்கு நம்பர் இல்லை. முதல் சீசன்லயே ‘தபால்’னு ஒரு எபிசோடு. தபால்காரர் மலை ஏற மாட்டார். லெட்டர் எல்லாம் அடிவாரத்துல குவிஞ்சு கிடக்கும். நம்ம ஹீரோக்கள் ரெண்டு பேரும் மலையோட தபால்காரங்களா மாறி, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வீடு வீடா ஓடுறாங்க.

நான் சிவில் மூணாவது வருஷம். சர்வே லேப்ல தியோடலைட்டை வெச்சுக்கிட்டு காலேஜ் கிரவுண்டை அளந்தே நாக்கு தள்ளியிருக்கு. இந்தப் பசங்க ஒரு கருவியும் இல்லாம கால் நடையிலயே ஒரு மலையை சர்வே பண்றதைப் பார்த்தப்போ, ‘டேய், இதுதாண்டா இன்ஜினீயரிங்!’னு கத்தணும்போல இருந்துச்சு.

இது சும்மா கதையில்லை, பாஸ். 2000-ல ஹோசின்யாவுல குடியிருந்த சிலரே சேர்ந்து இதை நிஜமா செஞ்சாங்க. சென்சஸ் எடுக்கப் போனப்போதான் ஊர்ல பாதிப் பேருக்கு லெட்டர் போய்ச் சேர்றதில்லைனு அவங்களுக்கு உறைச்சிருக்கு. சந்து சந்தா நடந்து அவங்களே மேப் போட்டு, மாசச் சந்தா வாங்கிக்கிட்டு வீட்டு வாசலுக்கு லெட்டர் கொண்டுபோய் கொடுக்க ஆரம்பிச்சாங்க. பேரு ‘கார்டேய்ரு அமீகு’, அதாவது தபால்கார நண்பன்.

ஒரு லெட்டர்தானேன்னு நினைக்காதீங்க. வேலைக்கான இன்டர்வியூ கார்டு, ஆஸ்பத்திரி தேதி, கரன்ட் பில், கோர்ட் நோட்டீஸ் எல்லாம் அட்ரஸைத் தேடித்தான் வரும். அட்ரஸ் இல்லாதவன் அரசாங்கத்தோட கணக்குல பாதிதான் இருக்கான். அந்தக் கணக்கிலயும் என்ன பேர் வெச்சிருந்தாங்க தெரியுமா? 1991 சென்சஸ்ல இருந்து ஃபவேலாவுக்கு அரசாங்கப் பேர், ‘சப்-நார்மல் குடியிருப்புத் தொகுதி’. நார்மலுக்குக் கீழே! நம்ம இன்டர்னல் மார்க் மாதிரி. 2024-லதான் அதைத் தூக்கிட்டு ‘ஃபவேலாக்களும் நகர்ப்புற சமூகங்களும்’னு மாத்தினாங்க. மக்கள் தங்களைக் கூப்பிட்டுக்கிட்ட பேரையே ஆவணத்துல ஏத்துறதுக்கு அவ்வளவு வருஷம் ஆகியிருக்கு.

ஸ்டாப் 4: மொட்டை மாடி மகாராஜா

உச்சிக்கு வந்தாச்சு. ஏதாவது ஒரு வீட்டு மாடியில ஏறுவோம். இதுக்குப் பேர் ‘லாஜி’. சும்மா காங்கிரீட் தளம்தான். ஆனா ஃபவேலாவோட உயிரே இதுதான். துணி காயுறது இங்கே, சண்டே கறி சுடுறது இங்கே, பர்த்டே பார்ட்டி இங்கே, வெயில் காயுறது இங்கே. கண்ணு முன்னாடி கடல்! கீழே இருக்கிற கோடீஸ்வரன் அபார்ட்மென்ட்டுக்குக்கூட இந்த வியூ கிடையாது.

பட்டம் விடறதும் இங்கேதான். அங்கேயும் மாஞ்சா உண்டுங்க! பேர் ‘செரோல்’. கண்ணாடித் தூள் தடவின நூல். பைக்ல போறவங்க கழுத்தை அறுத்துடுதுனு தடை போட்டாங்க. அப்பவும் பயம் விடலை. பைக் ஹேண்டில் பார்ல நூலை அறுக்கிற மாதிரி ஒரு குச்சி ஆன்டெனா மாட்டிக்கிட்டுத்தான் பல பேர் ஓட்டுறாங்க. ஆனா இந்த மலையில பட்டம் எப்பவுமே விளையாட்டு இல்லை. போலீஸ் மேல ஏறி வருதுனு கும்பலுக்கு சிக்னல் கொடுக்கவும் பட்டத்தையும் வாண வெடியையும் வெச்சு நின்ன பசங்க உண்டு. வெடி விடுற வேலைக்கு ‘ஃபொகெட்டேய்ரு’னு தனியா ஒரு பேரே இருக்கு. நம்ம கைடுங்களோட வயசுதான் அந்த வேலைக்கும் வயசு.

சரி, மாடிக்கு வருவோம். தளம் போடுற அன்னிக்கு மலையில திருவிழா. அக்கம்பக்கத்து வீடுங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை வந்து வரிசையா நிக்கும். ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் தோள்லயும் தலையிலயும்தான் மேலே ஏறணும், லாரி வராதே! முடிஞ்சதும் வீட்டுக்காரர் செலவுல சாப்பாடு. கறுப்பு பீன்ஸும் பன்னிக்கறியும் போட்டு வேகவெச்ச ஃபெய்ஜோவாடா, இல்லைனா சுட்ட கறி. நம்ம ஊர்ல காங்கிரீட் போடுற அன்னிக்கு பிரியாணிப் பொட்டலம் வர்றதில்லையா, அதே கணக்கு. என்ன, அங்கே வேலை செஞ்சவனுக்குக் கூலி இல்லை. அடுத்த மாசம் அவன் வீட்டுத் தளத்துக்கு நீங்க போகணும். இந்தக் கூட்டு வேலைக்குப் பேர் ‘முட்டிராவ்’.

தூண் உச்சியில கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. அடுத்த மாடிக்கு விட்டு வெச்சது. பையனுக்குக் கல்யாணம் ஆனா ஒரு மாடி. இல்லைனா, அந்த மாடியை விக்கலாம். நிலம் இல்லை, வீடு இல்லை, தலைக்கு மேல இருக்கிற காலி ஆகாசத்தை விக்கிறது! மலைக்காரங்க காலங்காலமா பேப்பர் இல்லாம செஞ்சுக்கிட்டிருந்த இந்த வியாபாரத்தை, 2017-ல ஒரு சட்டம் போட்டு பிரேசிலோட சிவில் சட்டத்துலயே சேர்த்துட்டாங்க. பேரு ‘தள உரிமை’. ஃபவேலாவுல பிறந்த ஒரு பழக்கம் நாட்டோட சட்டப் புத்தகத்துக்குள்ள போய் உட்கார்ந்த கதை இது.

எங்க ஸ்ட்ரக்சர்ஸ் சார் இந்த மலையைப் பார்த்தா மயங்கி விழுந்துடுவார். மழைக்காலத்துல மண் சரியுற ஆபத்து நிஜம்தான். கம்பத்துல இருந்து இழுத்த திருட்டு கரன்ட் வயருங்க சிலந்தி வலை மாதிரி தொங்குது. அதுக்கு அவங்க வெச்ச செல்லப் பேர் ‘காட்டு’, அதாவது பூனை! ஆனா ஒண்ணு. இவ்வளவு பெரிய ஊரை பிளான் அப்ரூவலும் பேங்க் லோனும் இல்லாம கட்டினவங்க யாருனு நினைக்கிறீங்க? கீழே அந்தப் பளபள அபார்ட்மென்ட்டுகளைக் கட்டின அதே கொத்தனார்ங்க, சித்தாளுங்கதான். பகல்ல நகரத்தைக் கட்டிட்டு, லீவு நாள்ல தன் வீட்டைக் கட்டினவங்க. அந்த அபார்ட்மென்ட்டுகள்ல ரெண்டு லிஃப்ட் இருக்கும். ஒண்ணு குடியிருக்கிறவங்களுக்கு, இன்னொண்ணு ‘சர்வீஸ்’. கட்டினவங்களும் அவங்க வீட்டுப் பொம்பளைங்களும் வேலைக்கு வரும்போது எதுல ஏறணும்னு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஸ்டாப் 5: விடிகல், நாங்க போக மாட்டோம்!

இன்னொரு மலைக்குத் தாவுவோம். பேர் விடிகல். லெப்லோன்ங்கிற செம காஸ்ட்லி ஏரியாவுக்குப் பக்கத்துலயே, கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற ஃபவேலா. இப்படி ஒரு இடத்தை சும்மா விடுவாங்களா? 1977-ல காலி பண்ணச் சொல்லி ஆளுங்க வந்தாங்க. மக்கள் அசையலை. சண்டை போட்டு நின்னு ஜெயிச்சாங்க. 1980-ல போப் ரெண்டாம் ஜான் பால் அந்த மலைக்கே வந்து, தன் மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போனார்.

மறுத்து நின்னவங்களுக்கு விடிகல் கிடைச்சது. நிக்க முடியாதவங்களுக்கு? 1960-கள்ல நகர நடுவுல இருந்த பல ஃபவேலாக்களைக் காலி பண்ணி, அந்த ஜனங்களை ரொம்ப தூரத்துல, மேற்குப் பக்கமா கட்டின குடியிருப்புல கொண்டுபோய் வெச்சாங்க. வேலையும் பஸ்ஸும் சொந்தக்காரங்களும் ஒரே நாள்ல தூரமாகிட்டாங்க. அந்த இடத்தோட பேரு ‘சிடாஜி டி டேயுஸ்’. ஆமாம், உலகமே பார்த்து மிரண்ட ‘சிட்டி ஆஃப் காட்’ படத்தோட ஊர் அதேதான்!

விடிகல்லதான் 1986-ல குட்டி ஃப்ராகாங்கிற நாடகக்காரர் ‘நோஸ் டு மோஹூ’ன்னு ஒரு நாடகக் குழு ஆரம்பிச்சார். ‘மலையைச் சேர்ந்த நாங்க’ன்னு அர்த்தம். 2002-ல வெளிவந்த ‘சிட்டி ஆஃப் காட்’ படத்தை எடுத்தப்போ டைரக்டர் ஃபெர்னாண்டோ மெய்ரெல்லஸும், கூட இயக்கின கேட்டியா லுண்டும் ஸ்டார்களைத் தேடிப் போகலை. ஃபவேலாப் பசங்களையே சேர்த்து, இந்தக் குழுவோட உதவியோட பட்டறை நடத்தி நடிக்க வெச்சாங்க. நம்ம அசெரோலாவா நடிச்ச டக்ளஸ் சில்வாவும், லரான்ஜின்யாவா நடிச்ச டார்லன் குன்யாவும் அந்தப் படத்துல இருக்காங்க. அதுல டக்ளஸ் பண்ணினது, துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிற குட்டிப் பிசாசு ரோல். தூக்கம் வராது!

ஆனா ஒரு மலையில எல்லாருமா துப்பாக்கி தூக்குறாங்க? ஸ்கூலுக்குப் போறவன், லவ் பண்றவன், ஷூ வாங்கக் காசு சேர்க்கிறவன் எல்லாம் எங்கே? அவங்களோட கதைதான் இந்தத் தொடர். படத்துல துப்பாக்கி முன்னாடி நிக்கும். பசங்க பின்னாடி ஓடுவாங்க. தொடர்ல பசங்க முன்னாடி. துப்பாக்கி பின்னாடி, சந்து முனையில, எப்பவும் அங்கேயே நிக்கும்.

ஒரு எபிசோடுல அசெரோலாவோட அக்காவை மலையோட தாதா லவ் பண்றான். அவ்வளவுதான், பையன் மாமூலா நடந்த சந்துலயே ராஜ மரியாதை! மச்சானாச்சே! பார்க்க செம காமெடி. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது ஒரு கட்டத்துல உறைக்கும். இந்த மரியாதை எந்த நிமிஷம் வேணும்னாலும் பிடுங்கப்படும்; பிடுங்கும்போது மரியாதையோட நிக்காது.

ஸ்டாப் 6: வயசு ஏறுது

இந்தத் தொடர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? கேமரா முன்னாடியே அந்த ரெண்டு பசங்களும் வளர்றாங்க. மேக்கப் இல்லை, ‘பத்து வருஷம் கழிச்சு’ன்னு கார்டு இல்லை. முதல் சீசன்ல கீச்சுக் குரல். ரெண்டாவதுல குரல் உடையுது. மூணாவதுல மீசை அரும்புது, பொண்ணுங்க பின்னாடி சுத்தல். நாலாவது முடியுறப்போ தோள் அகலமாகிடுச்சு. 2005-ல டக்ளஸ் சில்வா இன்டர்நேஷனல் எம்மி விருதோட சிறந்த நடிகர் பட்டியல்ல இடம் பிடிச்சார். டீன் ஏஜே தாண்டாத வயசுல!

வளர்றதுன்னா என்ன? நமக்கு அது ப்ளஸ் டூ, கவுன்சிலிங், கேம்பஸ் இன்டர்வியூன்னு படிப்படியா வருது. ஒவ்வொரு படியிலயும் யாராவது கையைப் பிடிச்சுக்கிறாங்க. ஃபீஸ் கட்ட அப்பா, திட்ட அம்மா, அரியர் கிளியர் பண்ண சீனியர் நோட்ஸ். அந்த மலையில படிகள் நிஜமாவே நிறைய. கைப்பிடிதான் இல்லை. முதல் சீசன்ல இன்னொரு எபிசோடு, ரோசா அமண்டா ஸ்ட்ராஸ் எழுதின சிறுவர் கதையிலிருந்து வந்தது. மலைப் பையன் ஒருத்தன், அபார்ட்மென்ட் பையன் ஒருத்தன். ரெண்டு பேர் மனசுக்குள்ள ஓடுற பேச்சும் மாறி மாறி வரும். ரெண்டு பேர் வீட்டுலயும் அப்பா இல்லை. வருத்தம் ஒரே மாதிரி. ஆனா ஒரே ரோட்டுல எதிரெதிரா வரும்போது ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன் பயப்படுறான். அந்தப் பயத்தை எந்த சிலபஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க?

2007-ல இதே பேர்ல பாவ்லோ மொரேல்லி டைரக்ஷன்ல சினிமாவா வந்தப்போ, நண்பர்கள் ரெண்டு பேரும் 18-ஐத் தொடுறாங்க. அசெரோலா கையில ஒரு குழந்தை. அவனே பையன், அதுக்குள்ள அப்பா! லரான்ஜின்யா இதுவரை பார்க்காத தன் அப்பாவைத் தேடிப் போறான். அந்தத் தேடல்ல தெரியவர்ற ஒரு பழைய விஷயம், ரெண்டு பேர் நட்பையே உரசிப் பார்க்குது. கூடவே மலையில கும்பல் சண்டை. யார் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணியாகணும். இனிமே சொல்ல மாட்டேன், பாருங்க.

நமக்கும் சண்டை வருது. அசைன்மென்ட்டைக் காப்பி கொடுக்கலைனு ஒரு வாரம் பேசாம இருக்கோம். அப்புறம் கேன்டீன்ல ஒரு டீயில சமாதானம். அந்த மலையில ஒரு கோபத்தோட விலை அவ்வளவு சீப் இல்லை. நண்பன் தப்பான பக்கம் போனா, அவன் உயிரோட திரும்புவானாங்கிறது கேள்வி. இருந்தும் இந்த ரெண்டு பேரும் கிண்டல் அடிக்கிறாங்க, கடன் வாங்குறாங்க, ஏமாத்துறாங்க, மறுபடி தோள்ல கை போட்டுக்கிறாங்க. நட்புங்கிறது அங்கே டைம் பாஸ் இல்லை, ஒரு நாளைத் தாண்டுறதுக்கான வழி.

இறங்கும்போது...

தொடர் முடிஞ்ச பிறகு மலையில என்னவெல்லாமோ நடந்துச்சு. மைக்கேல் ஜாக்சன் 1996-ல ஆடிட்டுப் போன சாந்தா மார்ட்டா மலையில 2008-ல சாய்வு ரயில் விட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல அங்கேதான் ‘அமைதிப் போலீஸ்’ திட்டத்தையும் முதல்ல ஆரம்பிச்சாங்க. போலீஸ் மலையிலேயே ஸ்டேஷன் போட்டுத் தங்குறது. 2011-ல அலெமாவ் மலைத்தொகுதியில மூணரை கிலோமீட்டருக்கு ரோப் கார். ஆறு ஸ்டேஷன், 152 கேபின். மூட்டை தூக்கி ஏறின பாட்டிங்க ஆகாசத்துல பறந்தாங்க. 2016 ஒலிம்பிக்ஸ் முடிஞ்சது. அதே வருஷம் ரோப் கார் நின்னுபோச்சு. வருஷக்கணக்கா கம்பியும் தூணும் மட்டும் நின்னுச்சு. அமைதிப் போலீஸும் ஒவ்வொரு மலையா தேய்ஞ்சுது.

அப்புறம் வந்த செய்திங்க சிரிக்கிற மாதிரி இல்லை. 2021 மே மாசம் ஜகரேசின்யூ ஃபவேலாவுல ஒரே நாள் போலீஸ் நடவடிக்கையில 28 பேர் இறந்தாங்க. 2025 அக்டோபர் 28-ல அலெமாவ், பென்யா மலைத்தொகுதிகள்ல நடந்ததுல, போலீஸ்காரங்களையும் சேர்த்து 120-க்கும் மேல. ரியோ வரலாற்றுலயே அதிக உயிரைக் குடிச்ச போலீஸ் நடவடிக்கை அதுதான். உலகம் முழுக்க பேப்பர்ல ஒரு எண்ணா வந்துச்சு. போன்ல ஸ்க்ரோல் பண்ணிட்டு நாமளும் அடுத்த மீம்ஸுக்குப் போயிருப்போம்.

தொடர் பார்த்தவன் அப்படித் தாண்டிப் போக முடியாது. அதுதான் அது செஞ்ச வேலை. அந்த எண்ணுக்குள்ள, ஆறரை ரியாலுக்கு அலைஞ்சவன் இருக்கலாம். லெட்டர் பையோட ஓடினவன் இருக்கலாம். கும்பல்ல சேர்ந்தவன் இருந்தாலும், அவனும் ஒரு காலத்துல இதே படியில பட்டம் விட்டவன்தான். குத்தம் செஞ்சவனை நல்லவன்னு சொல்லலை. அவனுக்கு ஒரு வயசு, ஒரு ஃப்ரெண்டு, ஒரு பட்டப்பேர் இருந்துச்சுனு தெரிஞ்சுக்கிட்டு செய்தியைப் படிக்கிறது வேற.

1992-ல ரியோவுல பூமி உச்சி மாநாடு நடந்த சமயத்துல இருந்தே ஹோசின்யாவுக்கு டூரிஸ்ட்டுங்க வர ஆரம்பிச்சாச்சு. ஜீப்ல நின்னுக்கிட்டே ஏழைங்களைப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்கனு ஒரு திட்டு உண்டு. வந்தா கடைக்காரங்களுக்காவது நாலு காசு கிடைக்குதேன்னு ஒரு பதிலும் உண்டு. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. டி.வி.யில பார்க்கிற நாமளும் ஒரு வகையில ஜீப்ல நிக்கிறவங்கதான். ஆனா இங்கே வழி காட்டுறது ஜீப் டிரைவர் இல்லை. அந்த மலையோட ரெண்டு பசங்க. எதைப் பார்த்து சிரிக்கணும், எங்கே வாயை மூடிக்கிட்டு நிக்கணும்னு அவங்களே சொல்றாங்க. கதை சொல்றது அவங்க குரல்ல நடக்குறதால, பரிதாபப்பட நமக்கு டைமே கிடைக்காது. அவங்க பின்னாடி ஓடவே சரியா இருக்கும்.

டக்ளஸும் டார்லனும் இப்போ 35-ஐத் தாண்டின அங்கிள்ஸ். 2017-லயும் 2018-லயும் அதே பாத்திரங்களா டி.வி.க்குத் திரும்பி வந்தாங்க, இந்த முறை தங்களோட பிள்ளைகளை வளர்க்கிற அப்பாக்களா. அதையும் பார்த்துடுங்க. ஆனா ஆரம்பிக்கிறது முதல் எபிசோடுல இருந்து இருக்கட்டும். தனியா பார்க்காதீங்க, ரூம்மேட்டை இழுத்து உட்கார வைங்க. போர்ச்சுகீஸ் புரியலைனு கவலைப்படாதீங்க. அந்த ரெண்டு பேர் கிண்டல் பண்ற டோன் நம்ம ஹாஸ்டல் மொழிதான்.

அப்புறம் ஒரே ஒரு வேலை. அடுத்த முறை பஸ்ல போறப்போ, நம்ம ஊர்ல ஏதாவது ஒரு சின்ன வீட்டு மாடியில, வானத்தைப் பார்த்து நீட்டிக்கிட்டு நிக்கிற துருப்பிடிச்ச கம்பியைப் பார்ப்பீங்க. பாதியில நின்ன வீடுனு நினைச்சுடாதீங்க. அது யாரோ யாருக்காகவோ எடுத்து வெச்சிருக்கிற இடம்!